முன்சக்கரத்துக் காற்று

அந்தக் காற்றைப் பிடுங்கியது நான்தான்.

முள் இல்லை. கல் இல்லை. கண்மாய்க்கரையின் மேடுபள்ளம் இல்லை. என் வலது கையின் இரண்டு விரல்கள்... அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், சொல்லிவிட்டேன். ஒரு சைக்கிளின் காற்றை இறக்கிவிட்டது ஒரு பாவமா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியார் சைக்கிளுக்குச் செய்கிற குறும்புதானே, இதற்கு இவ்வளவு பீடிகையா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படியே தோன்றிவிடாதா என்றுதான் இரண்டு வருடங்களாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

தவமணி என் நண்பன். பசுமலையில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் ஒரே பெஞ்சு. இப்போது கப்பலூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான். நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வயிறு வளர்க்கிறேன். வளர்ந்த வயிற்றைக் குறைக்கத்தான் சைக்கிள் வாங்கினேன். நான் வாங்கியதைப் பார்த்து அவனும் வாங்கினான். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகிற வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாகமலை அடிவாரத்துச் செம்மண் பாதையில் ஓட்டி ஓட்டி இருவருக்கும் பைத்தியம் முற்றிவிட்டது.

திட்டம் என்னுடையது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி, பன்னிரண்டு நாள், தார் ரோட்டைக் கூடுமானவரை தொடுவதில்லை. ஆற்றங்கரை, வாய்க்கால்கரை, கண்மாய்க்கரை, மலையடிவாரத்து வண்டிப்பாதை என்று இப்படியே தெற்கே இறங்கிவிடுவது. பாதை போடுவது என் வேலை, வண்டி பார்ப்பது அவன் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

நாலு மாதம் தயாரானோம். அந்த நாலு மாதமும் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் என்று எழுதக் கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

எடைதான் எங்கள் எதிரி. மனைவியின் சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு துண்டிலிருந்து டார்ச் வரை நிறுத்துப் பார்த்தோம். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தேன். ராத்திரிக்கு ரெண்டு புரோட்டாவைக் குறைத்தால் பிரஷ்ஷை வெட்ட வேண்டியிருக்காதே என்று என் மனைவி சொன்னாள். தவமணி விழுந்து விழுந்து சிரித்தான்.

மதுரைக்கு மேற்கே கரைகளில் ஓட்டுகிறவனுக்குச் சீமைக்கருவேல முள்தான் எமன். அதற்காக எல்லா டியூபுக்குள்ளும் பஞ்சர் லிக்விட் ஊற்றினான் தவமணி. பச்சையாக, கொழகொழவென்று இருக்கும். முள் குத்தினால் அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். அதை ஊற்றுவதற்கு வால்வுக்குள் இருக்கிற சின்னப் பித்தளைப் பின்னைக் கழற்ற வேண்டும். விரல் நகத்தைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். அது இல்லையென்றால் சக்கரத்தில் ஒரு மூச்சுக் காற்றுகூட நிற்காது. கழற்றுவதற்குக் குட்டியாக ஒரு சாவி. கோச்சடையில் அவன் வீட்டு வாசலில் என்னை உட்கார வைத்து அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தான்.

“வால்வை மேல பாத்த மாதிரி வச்சுக் கழட்டு மாப்ள. கீழ இருந்தா உள்ள இருக்கிற லிக்விட் பூரா கையில வந்துரும்.”

கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன்!

இப்படிக் கிராம் கிராமாகக் குறைத்துக்கொண்டிருக்கையில் அவன் ஹேண்டில்பாரில் ஒரு பெல் மாட்டினான். இந்த மாதிரி வண்டிக்கு யாரும் மாட்டாத, தபால்காரர் சைக்கிளில் இருக்குமே, அந்த வட்டமான கனத்த பெல். போதாததற்கு ஒரு வெள்ளைச் சட்டையையும் பைக்குள் வைத்தான். இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல், பிளாஸ்டிக் உறையில். நான் இரண்டையும் தராசில் வைத்துக் காட்டிக் கிண்டல் செய்தேன். எதிரே வரப்போவது ஆடும் மாடும், அதற்கு எதற்குப் பெல் என்று கேட்டேன். ஆடு மாட்டுக்கு இல்லை என்று மட்டும் சொன்னான்.

பிறகு என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். நான் போட்டிருந்த பாதையில் முதல் நாளின் நடுவே விரலை வைத்தான். அங்கே என் சொந்த ஊர் இருந்தது. கண்மாய்க்கரையோடு ஊரைத் தொடாமல் சுற்றிப் போகிற மாதிரித்தான் நான் கோடு இழுத்திருந்தேன்.

“எல்லாப் பாதையும் நீ போடு மாப்ள. இந்த ஒரு தெருவ மட்டும் நான் போடுறேன்.”

ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதுவும் கோழைத்தனம்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அவன் அப்பா குருசாமிக்கும் அதே ஊர்தான். எங்கள் வீடுகள் இருக்கிற தெருவில் அல்ல, தள்ளி, கண்மாயை ஒட்டிய காலனியில். என் தாத்தாவின் வயலில் கூலிக்கு வேலை பார்த்தவர். கல்லூரியில் முதன்முதலாக இது தெரிந்தபோது, உலகம் எவ்வளவு சின்னது பார்த்தாயா என்று நான் ஆச்சரியப்பட்டுச் சிரித்திருக்கிறேன். அவனும் கூடச் சிரித்தான். அவன் எதற்காகச் சிரித்தான் என்று அப்போது யோசிக்கவில்லை.

குருசாமி இளவயதில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். காலனியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக எங்கள் தெருவைத் தாண்ட வேண்டும். தெருமுனை வந்ததும் இறங்க வேண்டும். அந்தக் கடைசி வரைக்கும் உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே போய் மறுபடி ஏறிக்கொள்ளலாம். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தவமணியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த மனைவியையும் ஒரு நாள் கேரியரிலிருந்து இறக்கி அந்தத் தெருவில் நடக்க வைத்திருக்கிறார். அந்த வருடமே ஊரை விட்டுக் கிளம்பி மதுரைக்கு வந்துவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு ஆசை. மகன் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்தபடி போக வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டிருக்க வேண்டும். பெல் அடிக்க வேண்டும். அதை நான் பின்னாலிருந்து வீடியோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இப்ப யாருடா அதெல்லாம் பாக்குறா” என்று சொன்னேன். அப்படிச் சொல்கிற வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். சாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி நானே எத்தனை மேடைகளில், எத்தனை முகநூல் பதிவுகளில்...! பார்க்கவில்லையென்றால் நல்லதுதானே, ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றான் தவமணி.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஊரில் இருக்கிற என் பெரியப்பாவுக்கு நானே போன் செய்தேன். ஏன் செய்தேன்? பெருமைக்குத்தான். கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகிறேன் பாருங்கள், முதல் நாள் நம் வீட்டு வழியாகத்தான் வருகிறேன், இட்லி அவித்து வையுங்கள் என்று சொல்ல. கூட வருவது யார் என்று கேட்டார். குருசாமி மகன் என்றேன்.

டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

“வரட்டும்ப்பா. இப்ப யாரு யாரத் தடுக்க முடியும். ஆனா ஊருல காப்புக் கட்டியிருக்கு. தெருவுல வண்டி ஓட்டக் கூடாது. முக்குல இறங்கி உருட்டிட்டு வந்துட்டான்னா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. நீ பக்குவமாச் சொல்லி வையி.”

திருவிழாவுக்குக் காப்புக் கட்டியது உண்மைதான். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டு வாசலைத் தாண்டி இரண்டு பைக்குகள் உறுமிக்கொண்டு போனது எனக்குப் போனில் கேட்டது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து வருகிறதே, குலதெய்வம் கோயிலில் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்றார். மிரட்டவில்லை. நிஜமாகவே அக்கறையாகத்தான் சொன்னார். அந்தக் கோயிலில் அவர் முன்னால் நிற்காமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

எனக்கு மூன்று வழி இருந்தது. பெரியப்பாவிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். தவமணியிடம் இப்படிச் சொல்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே செய்யாமல் வாயை மூடிக்கொண்டு போய், வருவது வரட்டும் என்று அவன் பின்னாலேயே ஓட்டியிருக்கலாம்... மூன்றுக்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். நான் நாலாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

கிளம்பிய அன்று விடிந்தும் விடியாமலும் கோச்சடையில் அவன் வீட்டு முன்னால் சின்னக் கூட்டம். அவன் மனைவி தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். குருசாமி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். உழைத்துக் காய்த்த கை, பிடி இறுக்கமாக இருந்தது.

“முகம் தெரியணும்ப்பா. பெல்லு சத்தம் கேக்கணும். கை ஆடாம எடு.”

சரிப்பா என்றேன். நண்பனின் அப்பாவை அப்பா என்றுதானே கூப்பிடுவோம்.

வைகையின் கரையோடு மேற்கே போனோம். முதலில் குப்பை, பிறகு நாணல், பிறகு மணல். அதன்பின் வாய்க்கால்கரையின் செம்மண். வெயில் முதுகில் ஏறியபோது வயல்கள் போய்க் கருவேலங்காடு வந்தது. டயரில் எத்தனையோ முள் ஏறியது. பிடுங்கிப் போட்டோம், லிக்விட் அடைத்துக்கொண்டது. தவமணி பாடிக்கொண்டே ஓட்டினான். அவன் பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

பத்து மணி வாக்கில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஏறினோம். மடைக்குப் பக்கத்தில் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று தவமணி இறங்கிப் போனான். கரைமேல் இரண்டு சைக்கிளும் நானும்தான்.

இங்கேதான் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுங்கினேன் என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. முள்ளால் குத்தினால் பயனில்லை, லிக்விட் அடைத்துவிடும் என்று முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். அவன் பையின் பக்க அறையிலிருந்து சாவியை எடுத்தேன். முன்சக்கரத்தைச் சுழற்றி வால்வை மேலே பார்த்த மாதிரி நிறுத்தினேன். லிக்விட் கையில் ஒழுகக் கூடாது அல்லவா! மூடியைத் திருகி எடுத்துவிட்டுப் பின்னைக் கழற்றினேன். புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். டயர் தொளதொளத்து மண்ணில் உட்கார்ந்தது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டு பின்களையும் தேடி எடுத்தேன். மூன்றும் என் கால்சட்டைப் பைக்குள் போயின. மூடியைப் பழையபடி மாட்டித் திருகி வைத்தேன்.

அந்த மூடியை ஏன் மாட்டினேன்? பழக்கம். எதையும் திறந்தால் மூடி வைக்கிற ஒழுங்கான ஆள் நான்.

தவமணி கரையேறி வந்தான். வெள்ளைச் சட்டை. தலையில் ஈரம். வண்டியைப் பார்த்ததும் நின்றான். குனிந்து டயரை அழுத்தினான். மூடியைத் திருகி எடுத்துவிட்டுப் பம்ப்பை வைத்து அடித்தான், காற்று நிற்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பின்னு இல்ல மாப்ள.”

பாதையின் குலுக்கலில் கழன்று விழுந்திருக்கும் என்றேன். மாற்றுப் பின்னையும் காணோம். வீட்டிலேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டான். பிறகு தேட ஆரம்பித்தான். வெள்ளைச் சட்டையோடு முழங்கால் போட்டு, கரைமண்ணைக் கையால் தடவித் தடவித் தேடினான்.

நானும் தேடினேன். ஐயோ... நானும் முழங்கால் போட்டுத் தேடினேன்! என் தொடையில் அந்தப் பின் உறுத்திக்கொண்டிருக்க, அவனுக்குப் பக்கத்தில் குனிந்து, புல்லை விலக்கி விலக்கித் தேடினேன்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு என் வண்டியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். சைக்கிள் தெரிந்த யாரும் இதற்குள் யோசித்திருப்பீர்கள். என் சக்கரத்துப் பின்னைக் கழற்றி அவனுக்குப் போட்டிருந்தால் தீர்ந்தது. அவன் ஓட்டியிருப்பான், நான் உருட்டியிருப்பேன். அவனுக்கு அது தோன்றாமலா இருந்திருக்கும்? கேட்க மாட்டான். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தான்.

நான் சொன்னது இது: “நானும் உருட்டிட்டே வாரேன்டா. ரெண்டு பேரும் சேந்தே நடப்போம்.”

பெருந்தன்மை! இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சைக்கிள் கடை பஸ் ரோட்டில், தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேறு வழி உண்டா என்று கேட்டான். ஓடை வழி ஒன்று உண்டு, முழுக்க முள், வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றேன். அவன் யோசித்தான். தெருவிலேயே போகலாம் என்றான்.

தெருமுனையில் ஒரு கணம் நின்றான். அவன் அப்பா இறங்கிய இடம். பிறகு உருட்டினான். காற்றில்லாத சக்கரம் சிமெண்டுத் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது. அவன் இடது கட்டைவிரல் பெல்லின் மேலேயே இருந்தது. நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். தெரு முடிகிற வரைக்கும் அது அழுந்தவில்லை.

பெரியப்பா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே... அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. எழுந்து வந்தார். குருசாமி மகனா, அப்பா சுகமா, இப்போது எங்கே இருக்கிறார் என்று அன்பாக விசாரித்தார். தவமணி எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னான். மோர் வந்தது, நின்றபடியே குடித்தோம். கிளம்பும்போது பெரியப்பா என் தோளில் கை போட்டு, தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனால் அவ்வளவு தாழ்வாக இல்லை:

“சொல்லி வச்சிட்ட போல. நல்லதுப்பா.”

தவமணி மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். கேட்டிருக்குமா? அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை.

பஸ் ரோட்டுச் சைக்கிள் கடைக்காரர் வெளியூர்க்காரர், வாயாடி. வால்வைப் பார்த்துவிட்டுப் பின் தொலைந்தது எப்படி என்று கேட்டார். கழன்று விழுந்துவிட்டது என்று நான் முந்திக்கொண்டேன். அவர் மூடியைக் கையில் எடுத்து எங்களிடம் காட்டினார்.

“மூடி மாட்டித்தான இருந்துச்சு? மூடி இருக்கையில பின்னு எப்படிண்ணே விழும்?”

தவமணி மூடியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

“விழும்ண்ணே. சில நேரம் விழும்.”

இவ்வளவுதான் சொன்னான். அன்றும் சரி, இன்றுவரையும் சரி, இதைப் பற்றி அவன் சொன்னது இந்த நாலு வார்த்தைதான். என்னைக் கேட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்தக் கரையோரக் கருவேலமரத்தில் என்னைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாலும் நான் நன்றியோடு இருந்திருப்பேன்.

காற்று அடித்து முடித்ததும் அவன் வண்டியைத் தெரு இருக்கிற பக்கமாகத் திருப்பி நிறுத்தினான். வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை மண். “போன்ல சார்ஜ் இருக்கா?” என்று கேட்டான்.

என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. திரும்பிப் போய் ஒரு முறை ஓட்டிவிட்டு வரலாம். நூறு மிதி இருக்குமா? பாவம் செய்தவனுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைக்குமா? எனக்குக் கிடைத்தது... நான் வானத்தைப் பார்த்தேன்.

“வெயில் ஏறிருச்சுடா. இப்பவே லேட்டு.”

சரி என்றான். கடைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து உறைக்குள் வைத்துவிட்டுப் பழைய பனியனை மாட்டிக்கொண்டு வந்தான். மேற்கே ஓட்டினோம்.

அன்று சாயங்காலம் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினோம். குருசாமி கூப்பிட்டார். தவமணி பேசியது எனக்குக் கேட்டது. ஓட்டினேன் அப்பா என்றான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான். வீடியோ சரவணன் போனில் இருந்தது, தெரியாமல் அழித்துவிட்டான் என்றான். சரவணன் என்பது நான். அதுவரை அவன் வாயில் என் பெயரைக் கேட்டதே இல்லை. மாப்ள என்றுதான் கூப்பிடுவான். அந்த மண்டபத்திலிருந்து நான் சரவணன் ஆனேன்.

கன்னியாகுமரி வரை போனோம். அவன் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. பாறைமேட்டில் என் செயின் அறுந்தபோது உட்கார்ந்து கோர்த்துக் கொடுத்தான். தன் தண்ணீரில் பாதியை எனக்கு ஊற்றினான். அவன் பாடவில்லை, அவ்வளவுதான். கடலைப் பார்த்து நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்துக்கு எனக்குக் கிடைத்த வாழ்த்துகளை எண்ணி முடியாது.

அவனை அடியிலிருந்து காப்பாற்றினேன் என்று என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பையன்கள் முரடர்கள், ஏதாவது நடந்திருந்தால்? ஆனால் அந்த ஆபத்தைப் பற்றி என்னைவிட அவனுக்குத்தானே அதிகம் தெரியும்! தெரிந்துதான் சட்டைக்கு இஸ்திரி போட்டான். போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன். நான் அவனுக்கு அந்த முடிவைக்கூட விட்டு வைக்கவில்லை.

மகளுக்குக் காதுகுத்து நன்றாக நடந்தது. பெரியப்பா முன்னால் நின்று நடத்தினார். தவமணிக்குப் பத்திரிகை கொடுத்தேன். அவன் வரவில்லை, தங்கத்தில் ஒரு சின்னத் தோடு வாங்கி அனுப்பியிருந்தான். அவள் இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொள்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பயணம் முடிந்து வந்த வாரம் குருசாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வீடியோவை அழித்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

“போனாப் போகுதுப்பா. நீ கண்ணால பாத்தேல்ல? அது போதும் எனக்கு. சொல்லு.”

பாருங்கள், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது!

தவமணி கதவோரம் சாய்ந்து நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். நான் சொன்னேன். தெருமுனையில் அவன் இறங்கவில்லை என்று சொன்னேன். நடுத்தெருவில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான் என்று சொன்னேன். யார் யார் வெளியே இருந்தார்கள் என்று கேட்டார். என் பெரியப்பா நாற்காலியில் இருந்தார், வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று சொன்னேன். குருசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“பெல்லு அடிச்சானா?”

“அடிச்சான்ப்பா.”

“எம்புட்டு நேரம்?”

“தெரு முடியிற வரைக்கும்.”

தவமணி உள்ளே போய்விட்டான்.

அவனும் நானும் இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை. அவன் வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது, பெல்லோடு. என்னுடையதை விற்றுவிட்டேன். அவன் என்னிடம் எதற்கும் வருவதில்லை, பேசுவதுமில்லை. ஒரே ஒரு காரியத்தைத் தவிர. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மாதம் ஒருமுறை அவனிடமிருந்து போன் வரும்.

“அப்பா கேக்குறாரு. வந்து சொல்லிட்டுப் போ.”

அவ்வளவுதான், வைத்துவிடுவான். நான் போவேன். குருசாமிக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது, கட்டிலில்தான் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அவர் எடுத்துக் கொடுப்பார். பெல் அடிக்கிற இடம் வந்ததும் அவர் கட்டைவிரல் போர்வையின் மேல் தானாக அழுந்தும். தவமணி கதவோரம் நிற்பான், முழுக்கக் கேட்பான். இது அவன் எனக்குக் கொடுக்கிற தண்டனையா, அவன் அப்பாவுக்குச் செய்கிற தொண்டா? எனக்குத் தெரியவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் இந்த வயதில் அந்தத் தெருவில் அவரை இன்னொரு முறை இறக்கி நடக்க வைக்க வேண்டியிருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பித்தளைப் பின் என் பர்ஸில் இருக்கிறது. சமையலறைத் தராசில் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை.

நேற்று மறுபடியும் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இந்த முறை குருசாமி பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருக்கிறாராம், எல்லோரும் கேட்கட்டும் என்று.